எடுக்காத உறுதிமொழி

நுழையும்முன்

நாடாள்வோரிடம் படையும் கருவூலமும் உண்டு. நீதிபதியிடம் இருப்பவை எழுதுகோலும் தாம் ஏற்ற உறுதிமொழியும் மட்டுமே. சட்டத்தை மீறி அதிகாரத்தைக் கைப்பற்றியவரும் நீதிபதியின் ஒப்புதலை நாடியே வந்து நிற்கிறார். அந்த ஒப்புதலைத் தர மறுத்து, உயர்பதவியைத் துறந்தவர் பாகிஸ்தான் உச்சநீதிமன்ற நீதிபதி தொராப் படேல். அவருடைய வாழ்வும் பணியும் இக்கட்டுரையின் பொருளாகும்.

உறுதிமொழியின் பொருள்

மக்களாட்சி நாடுகளில் நீதிபதி தம் பொறுப்பை ஏற்கும்போது ஓர் உறுதிமொழி எடுத்துக்கொள்கிறார். அரசமைப்புச் சட்டத்தைக் காப்பேன் என்பதும் அச்சமின்றி, ஒருதலைச் சார்பின்றி நீதி வழங்குவேன் என்பதும் அதன் சாரம். சில நொடிகளில் சொல்லி முடிக்கத்தக்க சொற்கள்தாம் அவை. எனினும் அச்சொற்களே அவருக்கு அதிகாரத்தைத் தருகின்றன. குற்றவாளி என்று அவர் அறிவித்தால் ஒருவர் சிறைக்குச் செல்கிறார். ஓர் ஆணை செல்லாது என்று அவர் அறிவித்தால் அரசே பின்வாங்குகிறது. தனிமனிதர் ஒருவரின் சொல்லுக்கு இத்துணை வலிமை வருவதற்கு அவர் சட்டத்திற்குக் கட்டுப்பட்டிருக்கிறார் என்ற நம்பிக்கையே காரணம்.

இராணுவத் தளபதி ஒருவர் ஆட்சியைக் கைப்பற்றினால் இந்த நம்பிக்கை அவருக்கு இடையூறாகிறது. நாடாளுமன்றத்தைக் கலைப்பது அவருக்கு எளிது. தலைவர்களைச் சிறையிலிடுவதும் எளிது. ஆனால், தம் ஆட்சி முறையானது என்று மக்களிடமும் பிற நாடுகளிடமும் காட்டிக்கொள்ள அவருக்கு நீதிமன்றத்தின் முத்திரை தேவைப்படுகிறது. ஆகவே அவர் நீதிமன்றத்தை மூடிவிடுவதில்லை. நீதிபதிகளை அதே இருக்கைகளில் அமர்த்தி, புதியதோர் உறுதிமொழியை எடுக்கச் சொல்கிறார். பாகிஸ்தானின் வரலாற்றில் இது மீண்டும் மீண்டும் நிகழ்ந்தது.

பிறப்பும் கல்வியும்

தொராப் படேல் 1924ஆம் ஆண்டு பலுசிஸ்தானத்தின் குவெட்டா நகரில் பார்சிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஈரானிலிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன் குசராத்துக் கடற்கரைக்கு வந்து குடியேறியோரின் வழித்தோன்றல்களே பார்சிகள். எண்ணிக்கையில் சிறியதாயினும் வணிகம், கல்வி, மருத்துவம், சட்டம் முதலிய துறைகளில் இச்சமூகம் பம்பாயிலும் கராச்சியிலும் பெரும்பணி ஆற்றியுள்ளது. பம்பாயில் பயின்ற படேல், பின்னர் இலண்டன் சென்று சட்டம் கற்றார். 1953இல் லிங்கன்ஸ் இன் என்னும் சட்டக் கழகத்தின் வழியாக வழக்கறிஞரானார். நாடு திரும்பிக் கராச்சியில் தொழில் நடத்தினார். 1967இல் மேற்குப் பாகிஸ்தான் உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் 1976இல் உச்சநீதிமன்ற நீதிபதியாகவும் அமர்த்தப்பட்டார்.

அவர் அமர்ந்த நீதிமன்றம் எத்தகைய மரபைச் சுமந்து நின்றது என்பதை அறிந்தால்தான் அவர் பின்னர்ச் செய்த செயலின் அருமை விளங்கும்.

வளைந்து கொடுத்த நீதிமன்றங்கள்

1954இல் பாகிஸ்தானின் கவர்னர் ஜெனரல் குலாம் முகமது அரசமைப்பு நிருணய அவையைக் கலைத்தார். அவையின் தலைவர் தமீசுத்தீன் கான் வழக்குத் தொடுத்தார். சிந்து தலைமை நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. ஆனால், தலைமை நீதிபதி முகமது முனீர் தலைமையிலான கூட்டாட்சி நீதிமன்றம் 1955இல் அத்தீர்ப்பை மாற்றியது. ஐவருள் ஏ. ஆர். கார்னீலியஸ் என்னும் ஒரே நீதிபதி மட்டும் மாறுபட்டுத் தீர்ப்பெழுதினார்.

1958இல் நாடு முதன்முறையாக முழுமையான இராணுவச் சட்டத்தின்கீழ் வந்தது. அதே மாதத்தில் உச்சநீதிமன்றம் வழங்கிய தோசோ வழக்குத் தீர்ப்பு, வெற்றிபெற்ற புரட்சி தானே சட்டத்தின் ஊற்றாகிவிடும் என்று கூறியது. ஆட்சியைக் கைப்பற்ற முயன்று தோற்றவர் குற்றவாளி. வென்றவர் சட்டம் இயற்றுபவர் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

இக்கோட்பாட்டை உச்சநீதிமன்றமே 1972இல் அஸ்மா ஜிலானி வழக்கில் தள்ளிவிட்டது. 1969இல் ஆட்சியேற்ற தளபதி யாகியா கான் அதிகாரத்தைப் பறித்துக்கொண்டவர் என்று அது அறிவித்தது. ஆயினும் அத்தீர்ப்பு வந்தபோது யாகியா கான் பதவியிலிருந்து இறங்கியிருந்தார். வீழ்ந்தவரைக் கண்டித்த நீதிமன்றம், வாளேந்தி எதிரே நிற்பவரைக் கண்டிக்குமா என்ற வினா விடையின்றி நின்றது. ஐந்தே ஆண்டுகளில் அதற்கு விடை கிடைத்தது.

[தெரிந்து தெளிவோம்: பாகிஸ்தானின் 1973ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டத்தின் 6ஆம் உறுப்பு, வன்முறையாலோ சட்டத்திற்குப் புறம்பான வழியாலோ அரசமைப்பைக் கவிழ்ப்பதைப் பெருந்தேசத்துரோகம் என்று கூறுகிறது. இராணுவ ஆட்சியைப் பலமுறை கண்ட நாடு, அது மீண்டும் வராதிருக்க எழுப்பிய சட்ட வேலி இது.]

1977: ஒருமித்த தீர்ப்பு

1977 மார்ச்சு மாதத்தில் நடைபெற்ற பொதுத்தேர்தலில் முறைகேடு நிகழ்ந்ததாகக் கூறி எதிர்க்கட்சிகள் போராடின. அக்குழப்பத்தினிடையே, ஜூலை 5ஆம் நாள் தலைமைத் தளபதி ஜியா உல் ஹக் ஆட்சியைக் கைப்பற்றினார். பிரதமர் ஜுல்பிகர் அலி பூட்டோ காவலில் வைக்கப்பட்டார். 90 நாள்களில் தேர்தல் நடத்தி விலகுவதாகத் தளபதி வாக்களித்தார், அவ்வாக்கு நிறைவேறவில்லை.

பூட்டோவின் துணைவியார் நுஸ்ரத் பூட்டோ, கணவரும் பிற தலைவர்களும் காவலில் வைக்கப்பட்டதை எதிர்த்து உச்சநீதிமன்றத்தை நாடினார். தலைமை நீதிபதி அன்வருல் ஹக் உள்ளிட்ட ஒன்பது நீதிபதிகள் வழக்கை விசாரித்தனர். 1977 நவம்பர் 10ஆம் நாள் தீர்ப்பு வந்தது. நாட்டைப் பேரழிவிலிருந்து காக்க வேறு வழியில்லாத நிலையில் தளபதி தலையிட்டார். ஆகவே அது 'தேவைக் கோட்பாட்டின்'படி ஏற்கத்தக்கது என்றது நீதிமன்றம். இராணுவ ஆட்சியின் செயல்களை ஆராயும் அதிகாரம் நீதிமன்றங்களிடமே நீடிக்கும் என்றும், தேர்தல் நடத்துவதற்காகவே இந்த இடைக்கால ஏற்பு என்றும் அது நிபந்தனை கூறியது. அதே வேளையில் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தும் உரிமையையும் அது தளபதிக்கு வழங்கிவிட்டது.

ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து வழங்கிய தீர்ப்பு அது. அவர்களுள் தொராப் படேலும் ஒருவர். இதனை மறைத்து அவர் வாழ்வை எழுதுவது முறையாகாது. இராணுவ ஆட்சிக்குத் திறக்கப்பட்ட கதவில் அவருடைய கையும் இருந்தது. கதவைச் சற்றே திறந்தால் போதும், எப்போது வேண்டுமானாலும் மூடிக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் எண்ணியது. அடுத்த நான்காண்டுகளில் நிகழ்ந்தவை அவ்வெண்ணத்தைப் பொய்யாக்கின. அப்போது படேல் எடுத்த நிலைப்பாடுகளே அவரை வரலாற்றில் நிறுத்தின.

நால்வரும் மூவரும்

1974 நவம்பரில் லாகூரில் அரசியல்வாதி ஒருவரின் மகிழுந்தின்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. உடன் சென்ற அவருடைய தந்தை உயிரிழந்தார். அக்கொலைக்கு ஆணையிட்டவர் அப்போதைய பிரதமர் பூட்டோவே என்ற குற்றச்சாட்டு, இராணுவ ஆட்சி வந்தபின் வழக்காயிற்று. கொலை வழக்குகளை முதலில் மாவட்ட அளவிலான அமர்வு நீதிமன்றம் விசாரிப்பதே வழக்கம். இவ்வழக்கையோ லாகூர் உயர்நீதிமன்றம் நேரடியாக விசாரித்தது. இதனால் குற்றம் சாட்டப்பட்டவர் மேல்முறையீட்டுக்கான ஒரு படியை இழந்தார். 1978 மார்ச்சு 18ஆம் நாள் உயர்நீதிமன்றம் பூட்டோவுக்கு மரண தண்டனை விதித்தது.

மேல்முறையீட்டை விசாரிக்க உச்சநீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் அமர்ந்தனர். விசாரணை நீண்டது. ஒருவர் பணி ஓய்வு பெற்றார், மற்றொருவர் நோயுற்றார். எஞ்சியோர் எழுவர். 1979 பிப்ரவரி 6ஆம் நாள் அவர்கள் தீர்ப்பளித்தனர். நால்வர் மரண தண்டனையை உறுதிசெய்தனர். தொராப் படேல், முகமது ஹலீம், குலாம் சப்தர் ஷா ஆகிய மூவரும் பூட்டோவின்மீதான குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினர்.

அரசுத் தரப்பு பெரிதும் நம்பியிருந்தது, குற்றத்தில் தாமும் பங்கேற்றதாக ஒப்புக்கொண்டு மன்னிப்புப் பெற்றுச் சாட்சியாக மாறியவரின் வாக்குமூலத்தையே. இத்தகையவரை நீதிமன்ற வழக்கில் 'அப்ரூவர்' என்பர். தம் உயிரைக் காத்துக்கொள்ளப் பிறர்மீது பழிசுமத்தும் வாய்ப்பு அவருக்கு உண்டு. ஆகவே அவர் கூற்றை வேறு சான்றுகள் உறுதிசெய்த பின்னரே ஏற்க வேண்டும் என்பது சட்டத்தின் நெடுநாளைய விதி. அத்தகைய உறுதியான துணைச்சான்று பூட்டோவுக்கு எதிராக இல்லை என்பதே மாறுபட்டோர் கண்ட முடிவு.

பூட்டோவின் ஆட்சி குற்றமற்றது என்று அவர்கள் கூறவில்லை. கடைத்தெருவில் சிறு வணிகம் செய்யும் ஒருவர்மீது இக்குற்றச்சாட்டு வந்திருந்தால் எவ்வளவு சான்று கேட்கப்படுமோ அவ்வளவு சான்று இங்கும் வேண்டும் என்றே நின்றனர். ஆளும் தளபதி விரும்பும் முடிவு எதுவென்று நாடே அறிந்திருந்த நேரத்தில், நடுவுநிலை பிறழாது சான்றுகளை மட்டும் சீர்தூக்கிப் பார்ப்பது எளிதன்று. ஒரே ஒரு நீதிபதி மாறியிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும். சீராய்வு மனு தள்ளப்பட்டபின், 1979 ஏப்ரல் 4ஆம் நாள் ராவல்பிண்டிச் சிறையில் பூட்டோ தூக்கிலிடப்பட்டார்.

மாறுபட்டவருள் சப்தர் ஷா அரசின் நெருக்கடிக்கு ஆளாகிப் பதவி துறந்தார். நாட்டைவிட்டு வெளியேறவும் நேர்ந்தது. தளபதியின் விருப்பத்திற்கு மாறாக எழுதும் நீதிபதிக்கு நேரக்கூடியது என்னவென்பது இப்போது எல்லாருக்கும் தெளிவாயிற்று.

1981 மார்ச்சு

நீதிமன்றம் 1977இல் விதித்த நிபந்தனைகளை இராணுவ ஆட்சி ஒவ்வொன்றாக உதிர்த்தது. தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. இராணுவ நீதிமன்றங்களின் தீர்ப்புகளில் உயர்நீதிமன்றங்கள் தலையிடலாகாது என்று அரசமைப்புச் சட்டமே திருத்தப்பட்டது. இறுதியாக 1981 மார்ச்சு 24ஆம் நாள் 'தற்காலிக அரசமைப்பு ஆணை' வெளியிடப்பட்டது. ஆட்சியைக் கைப்பற்றிய நாள் தொட்டு இராணுவ ஆட்சி செய்த அனைத்தும் செல்லும். அவற்றை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க இயலாது என்று அது கூறியது. உயர்நீதிமன்ற, உச்சநீதிமன்ற நீதிபதிகள் இவ்வாணையின்படி நடப்பதாகப் புதிய உறுதிமொழி எடுக்க வேண்டும். எடுக்காதவர் பதவியை இழப்பர்.

தொராப் படேலுக்கு அப்போது வயது 56. உச்சநீதிமன்ற நீதிபதிகள் 65 வயதுவரை பணியாற்றலாம். தலைமை நீதிபதிக்கு அடுத்த மூத்தவர் என்ற நிலையில் அவர் இருந்தார். தலைமை நீதிபதி அன்வருல் ஹக், தாம் எழுதிய 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பின் அடிப்படையையே புதிய ஆணை அழித்துவிட்டதைக் கண்டு, உறுதிமொழி எடுக்க மறுத்தார். ஆகவே படேல் உறுதிமொழி எடுத்திருந்தால் நாட்டின் தலைமை நீதிபதியாகும் வாய்ப்பு அவர் கைக்கெட்டும் தொலைவில் இருந்தது. எட்டாண்டுகளுக்கு மேல் அவர் அப்பதவியில் நீடித்திருக்கவும் கூடும்.

படேல் மறுத்தார். பக்ருதீன் ஜி. இப்ராகிமும் மறுத்தார். உச்சநீதிமன்றத்தில் இவ்வாறு விலகியோர் மூவர். மற்றவர்களுள் பலர் உறுதிமொழி ஏற்றனர். தலைமை நீதிபதிப் பதவி முகமது ஹலீமுக்குச் சென்றது. பூட்டோ வழக்கில் படேலோடு சேர்ந்து மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் அவர் என்பது கருதத்தக்கது. ஒரு வழக்கில் துணிந்து எழுதிய இருவர், ஓர் உறுதிமொழியின் முன் இருவேறு வழிகளில் பிரிந்தனர்.

பதவியில் இருந்துகொண்டே இயன்ற நன்மையைச் செய்யலாமே என்று கேட்போர் அன்றும் இருந்தனர். அவ்வாதத்தை எளிதில் புறந்தள்ள இயலாது. நல்லவர் விலகினால் அவ்விடத்தில் அல்லவர் அமரக்கூடும். ஆயினும் 1977ஆம் ஆண்டின் படிப்பினை படேலின் கண்முன் இருந்தது. நிபந்தனையோடு தந்த ஒப்புதலைத் தளபதி வைத்துக்கொண்டார், நிபந்தனையைத் தூக்கியெறிந்தார். ஆராயும் அதிகாரம் பறிக்கப்பட்டபின் நீதிபதியின் இருக்கையில் அமர்ந்திருப்பவர், ஆணைக்கு முத்திரையிடும் எழுத்தராகிவிடுகிறார். அரசமைப்பைக் காப்பதாக உறுதிகூறிய நாவால், அதை அழித்த ஆணையைக் காப்பதாகவும் கூறுவது ஒன்றையொன்று மறுப்பதாகும்.

பதவிக்குப் பின்

பதவியை இழந்தபின் படேல் ஒதுங்கி வாழவில்லை. 1980களின் பிற்பகுதியில் தொடங்கப்பெற்ற பாகிஸ்தான் மனித உரிமை ஆணையத்தின் நிறுவனர்களுள் அவர் ஒருவர். வழக்கறிஞர் அஸ்மா ஜஹாங்கீர் அப்பணியில் அவரோடு உடன்நின்றார். 1972ஆம் ஆண்டின் புகழ்பெற்ற வழக்கைத் தந்தைக்காகத் தொடுத்த அஸ்மா ஜிலானியே இவர். அரசு சாராத அவ்வமைப்பு, செங்கற்சூளைகளில் கொத்தடிமைகளாக உழன்றோர், பெண்களுக்குப் பாதகமான சட்டங்கள், சமயச் சிறுபான்மையினருக்கெனத் தனித்து வகுக்கப்பட்ட தேர்தல் தொகுதிகள் ஆகியவற்றைக் குறித்து ஓயாது குரலெழுப்பியது. பன்னாட்டுச் சட்ட வல்லுநர் ஆணையத்தின் உறுப்பினராகவும் படேல் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1997இல் அவர் மறைந்தார். லாகூரில் மனித உரிமை ஆணையத்தின் அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மூவர், அறுவர், அறுபதின்மர்

1981இல் மூன்று நீதிபதிகள் விலகியதால் இராணுவ ஆட்சி அசையவில்லை. அவர்களுடைய இடங்கள் நிரப்பப்பட்டன, நீதிமன்றங்கள் இயங்கின, ஜியா உல் ஹக் 1988இல் விமான விபத்தில் இறக்கும்வரை அதிகாரத்தில் நீடித்தார். அப்படியாயின் அவர்களின் மறுப்பால் விளைந்த பயன் யாது?

1999இல் தளபதி பர்வேஸ் முஷாரப் ஆட்சியைக் கைப்பற்றினார். 2000ஆம் ஆண்டு ஜனவரியில் அவரும் அதே போன்றதோர் உறுதிமொழியை நீட்டினார். இம்முறை தலைமை நீதிபதி சயீதுஸ்ஸமான் சித்திக்கி உள்ளிட்டு உச்சநீதிமன்ற நீதிபதிகள் அறுவர் மறுத்தனர். 2007 நவம்பர் 3ஆம் நாள் முஷாரப் நெருக்கடி நிலை அறிவித்து மீண்டும் உறுதிமொழி கேட்டபோது, நாடு முழுவதும் உயர்நீதிமன்ற, உச்சநீதிமன்ற நீதிபதிகள் அறுபதின்மருக்கு மேல் ஏற்க மறுத்தனர். வழக்கறிஞர்கள் கறுப்பு அங்கியோடு தெருவில் இறங்கினர். 2009 மார்ச்சில் நீக்கப்பட்ட தலைமை நீதிபதி மீண்டும் பதவியில் அமர்ந்தார். அவ்வாண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம், 2007ஆம் ஆண்டு நெருக்கடி நிலை அரசமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது.

மறுக்கலாம் என்பதற்கும், மறுத்தபின் மதிப்போடு வாழலாம் என்பதற்கும் ஒரு முன்மாதிரி வேண்டும். 1981இல் விலகியோர் பின்வந்தோருக்கு அந்த முன்மாதிரியாயினர்.

பூட்டோ வழக்கும் முடிந்துவிடவில்லை. அவ்வழக்கு நடந்த முறை குறித்துக் குடியரசுத் தலைவர் 2011இல் உச்சநீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டிருந்தார். ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2024 மார்ச்சு 6ஆம் நாள் ஒருமித்த கருத்தை வெளியிட்டது. பூட்டோவுக்கு நேர்மையான விசாரணையும் உரிய சட்ட நடைமுறையும் கிடைக்கவில்லை என்று அது கூறியது. தூக்கிலிடப்பட்டு ஏறக்குறைய நாற்பத்தைந்து ஆண்டுகள் கடந்திருந்தன. சிறுபான்மையராய் நின்ற மூவர் அன்று எழுப்பிய ஐயத்தின் பக்கம் நீதிமன்றமே பின்னர் வந்து சேர்ந்தது. அதைக் காணப் படேல் உயிரோடு இல்லை.

நிறைவாக

தொராப் படேல் படை திரட்டவில்லை. மேடையேறி முழங்கவும் இல்லை. ஒரு வழக்கில் சான்று போதாது என்று எழுதினார். ஓர் ஆணையின் முன் உறுதிமொழி எடுக்காது எழுந்து சென்றார். 1977இல் பிறரோடு சேர்ந்து தாமும் இசைந்த ஒரு தீர்ப்பின் விளைவை அவர் கண்ணால் கண்டார். அடுத்த முறை இசையவில்லை. சட்டத்தின் ஆட்சி ஏட்டில் எழுதிய உறுப்புகளால் மட்டும் நிலைப்பதில்லை. அவ்வேட்டைக் காப்பதாகச் சொன்னவர்கள், விலை கேட்கப்படும் நாளிலும் சொன்ன சொல்லில் நிற்பதாலேயே அது நிலைக்கிறது.

கற்பவை கற்றபின்...

1. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் உள்ள நீதிபதிகளுக்கான உறுதிமொழியைப் படித்து, அதன் கருத்தை உம் சொற்களில் எழுதுக.
2. 'பதவியில் இருந்துகொண்டே நன்மை செய்வதா, பதவி துறப்பதா?' என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.

குறுவினா
1. 'அப்ரூவர்' எனப்படுபவர் யார்? அவருடைய வாக்குமூலத்திற்குத் துணைச்சான்று வேண்டப்படுவது ஏன்?
2. 1981ஆம் ஆண்டின் தற்காலிக அரசமைப்பு ஆணை நீதிபதிகளிடம் கேட்டது என்ன?

சிறுவினா
1. இராணுவ ஆட்சியாளர் நீதிமன்றத்தை மூடாமல் நீதிபதிகளிடம் உறுதிமொழி கேட்பதன் காரணத்தை விளக்குக.
2. 1977ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நிபந்தனைகள் பின்னர் எவ்வாறு மீறப்பட்டன?

நெடுவினா
1. 'சிறுபான்மையராய் நின்றோரின் மறுப்பு காலத்தால் பயன் தரும்' என்னும் கருத்தைத் தொராப் படேலின் வாழ்வைக்கொண்டு ஆராய்ந்து எழுதுக.